உள்ளே என்ன இருக்கிறது?
சுமப்பவரின் குற்றம் பற்றிச் சில கேள்விகள்

1

நிலாவுக்குக்கூடக் கள்ளச் சரக்கு போயிருக்கிறது. கதை விடவில்லை. 1971 ஜூலையில் கிளம்பிய அப்பல்லோ 15 விண்கலத்தில் டேவிட் ஸ்காட், ஆல்ஃபிரட் வார்டன், ஜேம்ஸ் இர்வின் என்று மூன்று அமெரிக்கர்கள் போனார்கள். மேலிடத்துக்குச் சொல்லாமல் 398 தபால் உறைகளை நிலாவரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் 100 உறைகள் ஜெர்மனியில் ஒரு தபால்தலை வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆளுக்குச் சுமார் 7,000 டாலர் என்று பேச்சு. விசயம் வெளியே வந்து நாறியதும் 1972இல் நாசா அவர்களைக் கண்டித்தது. மறுபடி யாரும் விண்வெளிக்குப் போகவில்லை. அவ்வளவுதான் தண்டனை. ஸ்காட் 1975இல் நாசாவின் ஓர் ஆய்வு மையத்துக்கே இயக்குநர் ஆனார். பிடித்து வைத்திருந்த உறைகளையும் 1983இல் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கும் முன்னால் 1965இல் ஜெமினி 3 கலத்தில் ஜான் யங் என்பவர் மாட்டிறைச்சி சாண்ட்விச் ஒன்றைச் சட்டைப்பையில் ஒளித்து எடுத்துப் போனார். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவில்கூட அதைப் பற்றிக் கேள்வி வந்தது. யங் என்ன ஆனார்? 1972இல் நிலாவில் நடந்தார். 1981இல் முதல் விண்வெளி ஓடத்துக்குத் தலைவராகப் போனார்.

இனி இன்னொரு ஆளைப் பார்ப்போம். 2009 ஏப்ரலில் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழையும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற தமிழ்ப் பையன் பிடிபட்டான்.  தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். அவனுடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவ அறிக்கை சொன்னது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கில் போட்டார்கள்.

தபால் உறையும் ஹெராயினும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. சரக்கு வேறு, அது செய்யும் கேடும் வேறு. ஆனால் நான் பேச வந்தது சரக்கைப் பற்றி இல்லை, சுமக்கிறவரைப் பற்றி. அந்த விண்வெளி வீரர்களுக்குத் தங்கள் பைக்குள் என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது, என்ன விலை, தங்களுக்கு எவ்வளவு என்று எல்லாம் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் முடியும். சொல்லியிருந்தால் அவர்கள் வீட்டு உலை அணைந்திருக்காது. நம்ம ஊர்ப் பையன்களிடம் இதில் எது இருக்கிறது? கேட்க முடிந்தவனையும் கேட்க முடியாதவனையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்? இதுதான் என் கேள்வி.

2

கடத்தல் சரக்கு சுமக்கிறவருக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: குருவி. பறந்து போய்ப் பறந்து வருகிற ஆள். எழுபது எண்பதுகளில் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து டேப்ரிக்கார்டர், கேமரா, நைலக்ஸ் சேலை, சென்ட்டு பாட்டில் என்று சுமந்தார்கள். சென்னை பர்மா பஜாரில் அவை விற்றன. அப்புறம் தங்கம் வந்தது. பிஸ்கட்டாக வந்தது, கம்பியாக வந்தது. இப்போது பசையாக்கி, உறையில் அடைத்து, மலவாயில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். திருச்சி, சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டார் என்று வாரம் தவறாமல் பத்திரிகையில் படம் வருகிறது. படத்தில் தங்கம் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். குருவி தலைகுனிந்து நிற்பார். அந்தத் தங்கத்தின் முதலாளியை நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

அந்தத் தொழிலின் கட்டுமானமே அப்படி. கொடுக்கிறவருக்கு வாங்குகிறவரைத் தெரியாது. வாங்குகிறவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது. நடுவில் போகிற ஆளுக்கு இரண்டு பேரையும் தெரியாது. ‘வெளிய வந்தீங்கன்னா ஒரு ஆள் நிப்பாரு, அவரே உங்கள அடையாளம் கண்டுக்குவாரு’ என்பதுதான் முழு விலாசம். பணத்தைக் கைமாற்றும் உண்டியல் வியாபாரத்திலும் இதே கதைதான். ஒரு பத்து ரூபாய் நோட்டின் நம்பர்தான் சாட்சி. நோட்டைக் காட்டினால் பணம் கைக்கு வரும். பேர் எதற்கு, ஊர் எதற்கு? (பழனிக்காரனுக்கு உண்டியல் என்றால் வேறு அர்த்தம். அங்கேயும் போட்டவர் பேர் கேட்பதில்லை.)

இந்தத் தெரியாமை தற்செயலாக வந்தது இல்லை. அது தயாரிக்கப்படுகிறது. எவ்வளவுக்கெவ்வளவு சுமக்கிறவருக்குத் தெரியாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு முதலாளி பத்திரம். ஆக, குருவி சுமப்பது இரண்டு சரக்கு. ஒன்று தங்கம். இன்னொன்று அறியாமை. இரண்டுமே முதலாளிக்குச் சொந்தம். பிடிபட்டால் மட்டும் இரண்டும் குருவியின் தலையில் விடிகிறது.

சினிமா இதைத் தலைகீழாகக் காட்டியது. 2008இல் ‘குருவி’, 2009இல் ‘அயன்’ வந்தன. கதாநாயகன் சுமப்பான், ஓடுவான், ஏய்ப்பான், ஜெயிப்பான். ஆகாயத்தைக் கற்பனை செய்த வெள்ளைக்காரன் படத்திலும் அப்படியே. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கடத்தல்காரன் ஹான் சோலோ சொந்தக் கப்பல் வைத்திருக்கிறான். நாளைக்கு மனுசன் கிரகம் விட்டுக் கிரகம் போய் வாழ்வான், அங்கேயும் கள்ளச் சரக்கு ஓடும் என்று எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் கடத்தல்காரன் என்றால் கப்பல்காரன்தான். வயிற்றுக்குள் உறையை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து வருகிறவனை அந்தக் கப்பலில் தேடிப்பாருங்கள். கிடைக்க மாட்டான்.

3

சுமப்பது நமக்குப் புதுசு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் சுமப்பதும் புதுசு இல்லை.

எம்.ஏ.வில் தூது இலக்கியம் படித்தேன். தூதுக்கு உரியவை பத்து என்று பட்டியல் உண்டு: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். பட்டியலில் குருவி இல்லை. வள்ளுவர் தூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் தூதனுக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கும்போது முதல் குறளிலேயே நல்ல குடிப்பிறப்பைச் சேர்த்துவிடுகிறார். இராமாயணத்தில் அனுமனைக் கொல்லச் சொல்கிறான் இராவணன். தூதுவனைக் கொல்வது முறையில்லை என்று வீடணன் தடுக்கிறான். வாலுக்குத் தீ வைப்பதோடு போகிறது. அரசனின் செய்தியைச் சுமந்தவனுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருந்திருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்து கேதம் சொல்லப் போனவர்களுக்கு என்ன பாதுகாப்பு இருந்தது? ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் பத்து ஊருக்கு நடந்து போய்ச் சொல்ல வேண்டும். ராத்திரியா, மழையா, கேட்க முடியாது. போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்று சத்தம் கொடுக்க வேண்டும். உறவுக்காரர் வந்து சேராவிட்டால் சொன்னவன் சரியாகச் சொல்லவில்லை என்று உதை. எங்கள் தாத்தா தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தெருவில் ஒருத்தர்கூடக் கிடையாது. ஆனால் சீட்டுக் கொண்டுபோனவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள்தான். ‘இந்தச் சீட்டக் கொண்டுவாரவனக் கட்டி வச்சு உரி’ என்று எழுதியிருந்தாலும் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்.

பைபிளில் அப்படி ஒரு கதையே இருக்கிறது. தாவீது ராஜா, உரியா என்ற ஏத்தியனின் மனைவியை எடுத்துக்கொள்கிறான். பிறகு அந்த உரியாவின் கையிலேயே தளபதிக்கு ஒரு நிருபம் கொடுத்து அனுப்புகிறான். போர் மும்முரமான இடத்தில் இவனை நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள், சாகட்டும் என்று அதில் இருக்கிறது. உரியா வேற்றினத்தான், விசுவாசமான சிப்பாய். பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோனான். செத்தான்.

இதை ஒரு பிறவிக் கடமையாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. இன்றைக்கு நாம் ‘வெட்டிப் பய’ என்று திட்டுகிறோம். கூலி கொடுக்காதவனை விட்டுவிட்டு, கூலி வாங்காமல் உழைத்தவன்மேல் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மகார்கள் வதன் என்ற பெயரில் அரசாங்கத்துக்கும் ஊருக்கும் சேதி சுமந்து ஓடினார்கள். எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டும். தகப்பன் இல்லையென்றால் குடும்பத்தில் வேறு யாராவது போக வேண்டும். பம்பாய் சட்டசபையில் 1928இல் இந்த முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் தமுக்கடித்துச் சேதி சொல்லும் தண்டோராவை அரசு தடுத்தது 2022இல். அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சுமந்தவரிடம் கேட்கும் உரிமையைப் பறித்து வைத்திருந்த சமூகம் இது. அதே சமூகம் இன்றைக்குக் கோர்ட்டில் நின்று ‘நீ ஏன் கேட்கவில்லை?’ என்கிறது.

4

நான் பழனிக்காரன். சுமப்பதைப் பற்றிப் பேசிவிட்டு இடும்பனைப் பேசாமல் போக முடியாது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அகத்தியர் சொல்கிறார்: சிவகிரி, சக்திகிரி இரண்டு மலைகளையும் தெற்கே கொண்டுவா. அசுரனான இடும்பன் இரண்டையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான். களைத்துப்போய் இந்த இடத்தில் இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் மலை அசையவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் ஒரு சிறுவன் கோவணத்தோடு நிற்கிறான், மலை என்னுடையது என்கிறான். சண்டை. இடும்பன் சாகிறான். பிறகு உயிர் கொடுத்துக் காவல்காரனாக நிறுத்திவிடுகிறார்கள். காவடி எடுத்து வருகிற சனம் மலையேறும் வழியில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறது. பக்கத்திலேயே இடும்பன் மலையும் இருக்கிறது.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு ஒரே சந்தேகம். மலையைக் கேட்டது அகத்தியர். எடுத்துக்கொண்டது முருகன். அடிபட்டுச் செத்தது மட்டும் சுமந்து வந்தவனா? நான் கேட்ட கதையில் இடும்பன் எதற்கு மலை, யாருக்கு மலை என்று ஒரு இடத்திலும் கேட்பதில்லை. குருநாதர் சொன்னார், தூக்கினான். கேட்காமல் சுமந்ததைத்தான் பக்தி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இறக்கி வைத்த இடத்தில் சண்டை வந்தபோது மட்டும் அவன் அசுரனாகிவிட்டான்.

பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காவடி எடுக்கிறவர் தன் நேர்த்திக்கடனைத் தானே விரும்பிச் சுமக்கிறார். உள்ளே பாலா பன்னீரா என்று அவருக்குத் தெரியும். கேட்டதால் சுமக்கிறவரும் கேட்காமல் சுமக்க வைக்கப்பட்டவரும் வேறு வேறு என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

5

என் அம்மாயி கடத்தல்காரி. தெருவில் இன்னும் நாலைந்து பெண்களும்.

எழுபதுகளில் அரிசியை இஷ்டத்துக்கு ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக முடியாது, கட்டுப்பாடு இருந்தது. கேரளாவில் அரிசிக்கு எப்போதும் தட்டுப்பாடு. பழனியிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு மீட்டர்கேஜ் வண்டி. பழைய சேலையில் நீளப் பை தைத்து, அரிசியை நிரப்பி, இடுப்பிலும் வயிற்றிலும் சுற்றிக்கொண்டு, மேலே சேலையைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். பார்க்கிறவருக்குப் பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கும். ‘அஞ்சு வருசத்துல அம்பது புள்ள பெத்துருக்கேன்டா, எல்லாம் பாலக்காட்டுல’ என்று அம்மாயி சிரிக்கும்.

அரிசி அம்மாயியுடையது இல்லை. பழனியில் ஒரு மண்டிக்காரருடையது. அம்மாயிக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. ஒருநாள் பிடித்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் எல்லார் முன்னாலும் சேலையை உருவி அரிசியை எடுத்தார்கள். மண்டிக்காரர் பெயரை அம்மாயி சொல்லவில்லை. திரும்பி வந்ததும் போன அரிசிக்கு ஈடாக மூன்று மாசக் கூலியை அவர் பிடித்துக்கொண்டார்.

‘ஏன் அம்மாயி பேரச் சொல்லல?’

‘சொன்னா அப்பறம் எவன்டா வேல குடுப்பான்? சொல்லாதவளுக்குத்தான் அடுத்த நட.’

இந்தத் தொழிலின் சட்டம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. வாயடைத்து இருப்பதுதான் தகுதி. அதற்குத்தான் கூலி.

இன்னொன்றையும் பாருங்கள். அம்மாயி செய்த அந்தக் குற்றம் இன்றைக்கு வெறும் வியாபாரம். லாரி லாரியாக வெளிச்சந்தை அரிசி கேரளா போகிறது. ரேஷன் அரிசி போனால்தான் வழக்கு. தங்கமும் அப்படித்தான். 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் ரத்தானது. 1992இல் வெளிநாடு வாழ் இந்தியர் வரி கட்டி 5 கிலோவரை கொண்டுவரலாம் என்றார்கள். 2013இல் இறக்குமதி வரியைப் 10 சதவீதமாக்கினார்கள், குருவிகள் பெருகினார்கள். 2022 ஜூலையில் 15 சதவீதம். 2024 ஜூலையில் 6 சதவீதம். வரி ஏறினால் ஒரு பையன் கடத்தல்காரனாகிறான், இறங்கினால் அவனுக்கு வேலை போகிறது. அந்தக் குற்றத்தை டெல்லியில் பட்ஜெட் போடுகிறவர்கள் கூட்டிக் குறைக்கிறார்கள். பாவம் என்று சொல்லி யாரும் என் அம்மாயியைப் பயமுறுத்த முடியாது.

6

ஆனால் எல்லாச் சரக்கும் அரிசி இல்லை. இங்கேதான் எனக்கே தொண்டையில் முள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன். மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலை நின்றுவிட்டது. பழக்கமான ஒருத்தர் இரண்டு பையைக் கொடுத்து, பஸ்ஸில் கொண்டுவந்து பழனியில் இறக்கினால் மூவாயிரம் என்றார். பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். இரண்டு பையிலும் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் கஞ்சா. 1985இன் போதைப்பொருள் சட்டப்படி 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தபட்சம் 10 வருசம், 20 வரைக்கும் போகலாம். ஜாமீன் குதிரைக்கொம்பு. அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: சரக்கு என்னவென்று இவனுக்குத் தெரியும் என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால் அதை அவன்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

அவனுடைய அம்மா எனக்குச் சின்னம்மா முறை. வக்கீலைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டது: ‘ஏஞ்சாமி, பையத் தெறந்து பாத்துருந்தா அவிங்க அடிச்சுக் கொன்னுருப்பாங்க. தெறக்காம வந்ததுக்குச் சர்க்காரு பத்து வருசம் குடுக்குது. அப்ப எம்புள்ள எந்தப் பக்கம்தான் நிக்கணும்?’

எந்த நீதி நூலிலும் இதற்குப் பதிலை நான் படிக்கவில்லை.

சிங்கப்பூர் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே தூக்கு. 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுமந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவர், கடத்தலைக் குலைக்க உருப்படியாக உதவினார் என்று அரசு வழக்கறிஞரிடம் சான்றும் பெற்றால், தூக்குக்குப் பதில் ஆயுளும் பிரம்படியும் கொடுக்கலாம். மூளை, மன நிலை கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு வழி. சுமக்கிறவன் வேறு, முதலாளி வேறு என்று ஒரு சட்டமே ஒப்புக்கொண்டது நல்ல விசயம்தான். ஆனால் உதவுவது என்றால் என்ன? தகவல் கொடுப்பது. யாரிடம் தகவல் இருக்கும்? மேலே இருக்கிறவரிடம். அடியில் இருக்கிற குருவிக்கு ஒரு போன் நம்பரும் ஒரு பட்டப்பெயரும்தான் தெரியும். நிறையத் தெரிந்தவன் சொல்லிப் பிழைத்துக்கொள்வான். ஒன்றும் தெரியாதவனிடம் விற்க ஒன்றுமில்லை. நாகேந்திரன் மிரட்டலுக்குப் பயந்து சுமந்ததாகச் சொன்னார். தெரிந்தே செய்தார் என்றது நீதிமன்றம். மறு வருசம் 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோ அளவு கஞ்சாவைக் கடத்த உடந்தை என்று வழக்கு. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை, அவருடைய போன் நம்பர்கள்தான் முக்கியச் சாட்சி. இவர்கள் என்ன சாதி என்று நான் தேடவில்லை. தூக்குமேடைக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதைப் பார்த்தாலே போதும்.

நம்மூர்ப் பக்கமும் திரும்புங்கள். 2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியவர்கள் என்று தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடிகள் பலர் அதில் உண்டு. செம்மரம் கப்பலேறி எந்த நாட்டில் யார் வீட்டு நாற்காலியானது? அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் மேல் எந்தத் துப்பாக்கியும் திரும்பவில்லை.

7

‘தெரிஞ்சேதான் போறாங்க. மூவாயிரம் எதுக்குத் தர்றான்னு தெரியாதா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது. பலருக்கு அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருப்பதற்குத்தான் அந்த மூவாயிரம். வறுமை எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வறுமையில் இருந்தும் பையைத் தொடாத ஆயிரம் பேர் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களை அவமானப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

அதுவுமில்லாமல் அந்தக் கஞ்சா எங்கே போய்ச் சேருகிறது? மண்டிக்காரர் மகன் வீட்டுக்கு மட்டுமா போகிறது? எங்கள் காலனி முக்கில் பள்ளிக்கூடம் விட்ட பையன்கள் நிற்கிற இடத்துக்கும்தான் வருகிறது. நம் பிள்ளை சுமக்க, நம் பிள்ளை புகைக்க, லாபம் இன்னொருத்தனுக்கு. ஒரு காலத்தில் லாரி ட்யூபில் சாராயம் சுமந்தபோதும் இதுதான் நடந்தது. சுமந்ததும் சேரி, குடித்துச் செத்ததும் சேரி.

அதனால் குற்றத்தை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். சரக்கின் எடையை மட்டும் தராசில் வைத்தால் போதாது. மூன்று கேள்விகளையும் சேர்த்து வைக்க வேண்டும். இவரால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க முடியுமா? முடியாது என்று மறுத்திருந்தால் இவர் உயிரோடும் வேலையோடும் இருந்திருப்பாரா? வந்த லாபத்தில் இவர் பங்கு என்ன? அப்பல்லோ 15இல் போனவர்களுக்கு மூன்றுக்கும் முழுப் பதில் உண்டு. என் அம்மாயிக்கு மூன்றும் பூஜ்யம். மில் பையன் நடுவில் எங்கோ நிற்கிறான். அவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தால் கொஞ்சம் குற்றம். அந்தக் கொஞ்சத்துக்குப் பத்து வருசம் இல்லை. கிலோ கணக்கை மட்டும் பார்த்து, முதலாளிக்கும் கூலிக்கும் ஒரே தொடக்கக் கோட்டைப் போடுகிற சட்டம் இந்தக் கொஞ்சத்தை அளக்கத் தெரியாத சட்டம். சுமக்கிறவரைத் தனியாகப் பார்க்கும் பிரிவு நம் சட்டத்திலும் வேண்டும். சிங்கப்பூர் மாதிரி காட்டிக்கொடுத்தால்தான் உயிர் என்று இருக்கக் கூடாது. தெரியாது என்பதை நிரூபிக்கிற வேலையைத் தெரியாதவன் தலையில் கட்டவும் கூடாது.

இது சட்டத்திடம் கேட்பது. நம்மிடம் கேட்பது வேறு.

பழைய வெட்டி முறை நம்மைச் சுமக்க வைத்தது. அதைவிட மோசமாக, கேட்காமல் இருக்கப் பழக்கியது. ‘பெரியவங்க குடுத்தா என்னன்னு கேக்கக் கூடாது’ என்று நம் வீடுகளில் இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது மரியாதை இல்லை, கேதம் சொல்லப் போன காலத்துப் பயம். இன்றைக்குப் பை கொடுக்கிற ஆளுக்கு அந்தப் பயம்தான் வசதி. எந்தத் தெருவில் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், நேராக அங்கேதான் வருகிறான்.

எங்கள் தெருவில் இரவுப் பள்ளி நடத்துகிறோம். பத்தாவது பையன்களிடம் அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவைத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். 20 கிலோ என்றால் எவ்வளவு, 10 வருசம் என்றால் எவ்வளவு என்று பேசினோம். ஒரு பையன் கேட்டான்: ‘அண்ணே, கேட்டா குடுக்க மாட்டான்ல, அப்ப கூலி போயிருமே?’ போகத்தான் செய்யும். அதற்கு என்னிடம் மாற்று வேலை இல்லை, பொய் சொல்லவும் மனசில்லை. நாலு தெருப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தால் அவன் எங்கே போவான் என்று மட்டும் சொன்னேன். பையன் பதில் பேசவில்லை, யோசித்துக்கொண்டிருந்தான்.

நாளைக்குச் செவ்வாய்க்கும் அதற்கு அப்பாலும் கப்பல் விடுவார்கள். சரக்கும் போகும், கள்ளச் சரக்கும் போகும். கூலிக்கு ஆள் தேடுவார்கள், எந்தத் தெருவுக்கு வருவார்கள் என்று நமக்குத் தெரியும். வரட்டும். அன்றைக்குப் பையை நீட்டுகிறவன் முகத்தைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது, இது யாருடையது, பிடித்தால் நீ எங்கே இருப்பாய் என்று கேட்கிற பிள்ளைகள் நம் தெருவில் இருக்க வேண்டும். அதற்கான வேலை இன்று ராத்திரிப் பள்ளியிலும் கோர்ட் வாசலிலும் கிடக்கிறது.